சவர்க்காரப் பெட்டி வண்டி ஓட்டம்
ஒரு போட்டியின் வரலாறும் அது தரும் பாடமும்

போட்டி நடத்துதல் எளிது. நேரிய போட்டி நடத்துதல் அரிது. பந்தலும் பரிசும் நடுவரும் கூட்டமும் இருந்தால் போட்டி நடந்துவிடும். ஆயினும், பரிசு சேரவேண்டிய கையிற் சேர்ந்ததா என்பதை அறிதற்கு அவை மட்டும் போதா. பாடசாலையிலும் பழைய மாணவர் சங்கத்திலும் போட்டிகளை அமைக்கும் பொறுப்பு நம்மிற் பலருக்கு ஆண்டுதோறும் வந்து சேர்கின்றது. அத்தகைய பொறுப்பைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்து, இடையில் ஒருமுறை பெரிதும் இடறி, பின்னர் எழுந்து நின்ற போட்டி ஒன்றின் வரலாற்றை இம்மலரில் ஆராய்தல் பயனுடைத்து என எண்ணுகின்றேன்.

அப்போட்டி நமது நாட்டினது அன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டினது. அங்குச் சிறுவரும் சிறுமியரும், எஞ்சின் யாதும் பூட்டப்படாத சிறு வண்டிகளில் ஏறி, மேட்டின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை உருண்டு ஓடுவர். ஊர்தோறும் வென்றவர் கோடை காலத்தில் ஒரே நகரிற் கூடி நாட்டின் முதல்வரைத் தெரிவு செய்வர். இதற்குச் சவர்க்காரப் பெட்டி டேர்பி என்று பெயர்.

1. பெயர்க் காரணம்

முற்காலத்தில் சவர்க்காரக் கட்டிகள் மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டுக் கடைகளுக்கு வந்தன. வெறுமையான அப்பெட்டியை நீண்ட பலகையொன்றில் அறைந்து, குழந்தை வண்டியினின்றோ சறுக்குச் சப்பாத்தினின்றோ கழற்றிய நான்கு சில்லுகளைப் பூட்டிக் கயிற்றாற் சுக்கானும் அமைத்துவிட்டால் வண்டி ஆயிற்று. நம்மூர்ச் சிறுவரும் பழைய பெயாரிங்குகளைப் பலகையின் கீழ்ப் பூட்டி, ஒருவன் இருக்க மற்றவன் தள்ள, தெருவிற் பேரொலி எழுப்பி ஓடுதலை நாம் கண்டிருக்கின்றோம். அமெரிக்கச் சிறுவனுக்கு மேடுகள் வாய்த்தன. ஆதலாற் பின்னின்று தள்ளும் துணை வேண்டப்படவில்லை. பெட்டி மறைந்து அழகிய உடலமைப்புடைய வண்டிகள் வந்த பின்னரும் பழைய பெயர் நிலைத்தது.

2. தொடக்கம்

1933ஆம் ஆண்டு, உலகெங்கும் பொருளாதார மந்தம் நிலவிய காலம். ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரப் பத்திரிகையொன்றிற் படப்பிடிப்பாளராக இருந்த மைரன் ஸ்கொட் என்பவர், தாமே செய்த வண்டிகளிற் சிறுவர் சிலர் சரிவொன்றில் ஓடி விளையாடுதலைக் கண்டார். படம் எடுத்துக்கொண்டு போய்விடுதல் அவர் தொழில். அவரோ மேலும் ஓர் அடி எடுத்துவைத்தார். நண்பர்களையும் அழைத்து வருமாறும், வென்றவனுக்குப் பரிசு தருவதாகவும் அச்சிறுவருக்குக் கூறினார். அவ்விளையாட்டு விரைவில் நகரப் போட்டியாக வளர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் நடந்த ஓட்டத்தில் 362 பிள்ளைகள் கலந்துகொண்டனர். பார்க்க வந்தோர் தொகை நாற்பதினாயிரம் எனக் கூறுவர். முன்னணியில் வந்தோருள் ஒரு சிறுமியும் இருந்தாள் என்பது குறிப்பிடத்தக்கது. ஏனெனில், போட்டி நாடளாவியதாக வளர்ந்தபின் சிறுமியருக்கு அங்கு இடம் மறுக்கப்பட்டது. அது மீண்டும் கிடைத்தது 1971இல். நான்கே ஆண்டுகளின் பின், 1975இல், ஒரு சிறுமி நாட்டின் முதல்வராகவும் வந்தாள். ஒரு போட்டி யாரை வெளியே நிறுத்துகின்றது என்பதும் அதன் நேர்மையை அளக்கும் கோல்களுள் ஒன்றாம்.

ஸ்கொட் இத்துடன் அமையாது, செவ்ரோலே மோட்டார் நிறுவனத்தை அணுகி அதன் ஆதரவைப் பெற்றார். 1934இல் முதலாவது அகில அமெரிக்கப் போட்டி டேட்டனில் நடந்தது. முப்பத்து நான்கு நகரங்களின் வெற்றியாளர் அங்குக் கூடினர். இந்தியானா மாநிலத்து மன்சி நகரச் சிறுவன் முதல்வனானான். அடுத்த ஆண்டு போட்டி அதே மாநிலத்து அக்றன் நகருக்கு மாறிற்று. அங்கு மேடுகள் மிகுதி என்பது அதற்கு ஒரு காரணம்.

அக்றனில் நடந்த அம்முதலாண்டிலேயே ஒரு விபத்து நேர்ந்தது. வண்டியொன்று தடம் விலகிச் சென்று, வானொலியில் ஓட்டத்தை வருணித்துக்கொண்டிருந்த அறிவிப்பாளர் இருவரை மோதிக் காயப்படுத்திற்று. பொதுத்தெருவில் இத்தகைய போட்டியை நடத்துதல் தகாது என்பதை நகரத்தார் உணர்ந்தனர். 1936இல், வேலையற்றோருக்கு வேலை கொடுக்கும் அரசாங்கத் திட்டத்தின் உதவியோடு, இப்போட்டிக்கென்றே தனித்தடம் ஒன்று அமைக்கப்பட்டது. டேர்பி டவுன்ஸ் எனப்படும் அத்தடத்திலேயே இன்றும் நாட்டின் இறுதிப் போட்டி நடைபெறுகின்றது. இரண்டாம் உலகப் போரின் பொருட்டு 1942 முதல் 1945 வரை ஓட்டம் நிறுத்தப்பட்டு, 1946இல் மீண்டும் தொடங்கிற்று.

3. ஊரிலிருந்து நாட்டுக்கு

இப்போட்டியின் அமைப்பு, அடியில் அகன்றும் நுனியில் ஒடுங்கியும் உள்ளது. அடியில் இருப்பது ஊர்ப்போட்டி. ஊர்ப்பத்திரிகையோ, வணிகர் கழகமோ, தொண்டர் சங்கமோ அதனை ஏற்று நடத்தும். சரிவான தெரு ஒன்றை நகரசபை ஒரு நாளைக்கு மூடிக் கொடுக்கும். வைக்கோற் பொதிகள் இருமருங்கும் அடுக்கப்படும். பெற்றோரும் முன்னாட் போட்டியாளரும் நிறுப்பவராகவும், வண்டிகளைச் சோதிப்பவராகவும், வென்ற வண்டியை மீண்டும் மேலேற்றுபவராகவும் தொண்டு செய்வர். ஊதியம் பெறுவார் எவருமிலர். நூற்றுக்கணக்கான ஊர்களில் இவ்வாறு தொண்டர் உழைத்தமையாலேயே ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இப்போட்டி அந்நாட்டின் பெருவிழாக்களுள் ஒன்றாயிற்று.

ஊர்ப்போட்டியில் வென்றவர் அக்றனுக்குச் செல்வர். இஃது ஒரு வழி. பிற்காலத்தில் இரண்டாவது வழியொன்றும் திறக்கப்பட்டது. நாடு பல வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, ஆண்டு முழுவதும் பல இடங்களிற் சுற்றுப்போட்டிகள் நடத்தப்படும். ஒவ்வொன்றிலும் பெறும் இடத்துக்கேற்பப் புள்ளிகள் சேரும். மிகுந்த புள்ளி பெற்றோர் அக்றனுக்குத் தகுதி பெற்று, அங்குத் தமக்கென உள்ள தனிப்பிரிவில் ஓடுவர். ஒரே நாளிற் கிடைத்த வெற்றி, பல நாள் நிலைத்த திறமை ஆகிய இரண்டையும் ஒரே துலாவில் இடாது வேறு வேறாக மதித்தமை இவ்வமைப்பின் நுட்பமாகும்.

அக்றனில் நெடுங்காலமாக வழங்கிய முறை வருமாறு: தடம் மூன்று பாதைகளாகக் கீறப்பட்டிருக்கும். மூவர் ஒருங்கே ஓடுவர். முதல்வர் மட்டும் அடுத்த சுற்றுக்குச் செல்வார். ஏனையோர்க்கு அத்துடன் முடிவு. தடத்தின் நீளம் ஏறத்தாழ ஆயிரம் அடி. வேகம் மணிக்கு முப்பது மைல் அளவினது. அரை நிமிடத்துள் எல்லாம் முடிந்துவிடும். ஓர் ஆண்டின் உழைப்பு அந்த அரை நிமிடத்தில் மதிப்பிடப்படுகின்றது என்பதை நினைக்குங்கால், அம்மதிப்பீடு பிழையின்றி இருத்தல் வேண்டும் என்ற கவலை தானே எழும்.

4. வண்டி ஏன் வேறுபடுகின்றது

எஞ்சின் இல்லாத வண்டிகளெல்லாம் ஒரே வேகத்தில் அல்லவா உருளவேண்டும் என ஒருவர் வினவலாம். அவ்வாறன்று. உச்சியில் நிற்கும் வண்டிக்கு உள்ளது உயரத்தாற் பெற்ற அழுத்தசக்தி ஒன்றே. இறங்குங்கால் அது இயக்கசக்தியாக மாறும். அச்சும் சில்லும் உராய்தலாலும், காற்று எதிர்த்தலாலும் அதில் ஒரு பகுதி கழியும். எவன் வண்டியிற் கழிவு குறைவோ அவன் முந்துவான்.

காற்றின் எதிர்ப்பு வண்டியின் வடிவைப் பொறுத்தது, நிறையைப் பொறுத்ததன்று. ஆகவே ஒரே வடிவுடைய இரண்டு வண்டிகளுள் நிறை மிக்கதைக் காற்று குறைவாகவே தாமதப்படுத்தும். பருத்த சிறுவன் மெலிந்தவனை இயல்பாகவே வென்றுவிடுவான் என்பது இதனாற் பெறப்படும். அதனைத் தடுத்தற்காக, வண்டியும் ஓட்டுபவனும் சேர்ந்து 250 இறாத்தலுக்கு மேற்படலாகாது என முன்னாளில் விதித்தனர். மெலிந்தவன் தன் வண்டியிற் பாரம் ஏற்றி அந்த எல்லையை எட்டலாம். இன்று போட்டி மூன்று பிரிவுகளாக நடத்தப்படுகின்றது. ஒவ்வொன்றுக்கும் வேறு நிறை எல்லை உண்டு. ஏழு வயது முதல் இருபது வயது வரை உள்ளோர் அவற்றிற் பங்குபற்றலாம்.

பாரத்தை எங்கு வைப்பது என்பதிலும் நுட்பம் உண்டு. தொடக்கத்திற் சரிவு மிகுதி. வண்டியின் மூக்குக் கீழ்நோக்கியும் வால் மேனோக்கியும் நிற்கும். பாரத்தை வாற்பக்கம் வைத்தால் அது சற்று உயரத்தில் நிற்கும். எனவே இறங்கும் உயரமும் சற்றுக் கூடும். அதனாற் கிடைப்பது செக்கனின் மிகச் சிறு கூறே. ஆயினும் வெற்றியும் தோல்வியும் அத்தகைய கூறுகளாலேயே பிரிக்கப்படுகின்றன. ஒருவன் ஆசனத்தில் எவ்வளவு தாழ்ந்து இருக்கின்றான், தடத்தில் எவ்வளவு நேராகச் செல்கின்றான் என்பனவும் இவ்வாறே. சுக்கானை வேண்டாது அசைக்குந்தோறும் வேகம் குறையும். இவையெல்லாம் ஒரு பிள்ளை கற்றுத் தேரத்தக்கவை. போட்டியின் பயனும் இதுவே.

5. பழைய விதியும் அதன் வலுவின்மையும்

முன்னாளில் தலையாய விதி ஒன்றிருந்தது: சிறுவன் தன் வண்டியைத் தானே செய்தல் வேண்டும் என்பது. செலவுக்கும் எல்லை இட்டனர். தொடக்க ஆண்டுகளிற் சில்லும் அச்சும் நீங்கலாகப் பத்து டொலருக்கு மேற் செலவிடலாகாது. சில்லும் அச்சும் போட்டிச் சபை அங்கீகரித்தவையாக இருத்தல் வேண்டும். வறியவன் மகனும் செல்வன் மகனும் ஒரே வரிசையில் நிற்றல் வேண்டும் என்பதே இவற்றின் கருத்து.

கருத்து உயர்ந்தது, காவல் தளர்ந்தது. சிறுவன் செய்தானா, தந்தை செய்தாரா என்பதை வண்டி சொல்லாது. நிறையைத் தராசு காட்டும். நீளத்தைக் கோல் காட்டும். உழைத்த கை யாருடையது என்பதைக் காட்டும் கருவி இல்லை. மேலும், பரிசு பெரிதாகப் பெரிதாகப் பெரியோரின் ஆசையும் வளர்ந்தது. முதற்பரிசு பல்கலைக்கழகப் படிப்புக்கான பல்லாயிரம் டொலர் உதவிப்பணம். வானொலியும் பின்னர்த் தொலைக்காட்சியும் வென்றவனின் பெயரை நாடெங்கும் பரப்பின. துணைச் சனாதிபதியாயிருந்த நிக்சன் போன்றோரும் பார்க்க வந்தனர். இத்துணைப் பெரிய மேடையிற் பதினொரு வயதுப் பிள்ளையைத் தனியே விட்டுவிடப் பெற்றோர் பலருக்கு மனம் ஒருப்படவில்லை. முதலில் ஆணி பிடித்துக் கொடுத்த தந்தை, பின்னர் ஆணியை அறைந்தார். பின்னர் வண்டியையே செய்தார். விதி ஏட்டில் இருந்தது. பிள்ளையோ, தந்தை செய்த வண்டிக்குச் சாரதியாயினான்.

6. 1973

செவ்ரோலே நிறுவனம் 1972ஆம் ஆண்டுப் போட்டியின் பின் ஆதரவை நிறுத்திக்கொண்டது. நகரத்துத் தொண்டரும் வணிகருமே 1973ஆம் ஆண்டுப் போட்டியை ஏற்று நடத்தினர். அவ்வாண்டு கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரிலிருந்து வந்த பதினான்கு வயதுச் சிறுவன் வென்றான். அவன் வண்டி புறப்படும்போதெல்லாம் ஏனையவற்றினும் சற்று முன்னே பாய்ந்தது. அன்றியும், சுற்றுக்குச் சுற்று அவன் எடுத்த நேரம் கூடிக்கொண்டே போயிற்று. இவ்விரண்டும் ஐயத்தை எழுப்பின.

வண்டியை எக்ஸ்-கதிராற் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. மூக்கினுள் ஒரு மின்காந்தம். அதனை இயக்க ஒரு பற்றரி. தலையைச் சாய்க்கும் இடத்தில் மறைவான ஆளி. புறப்படும் இடத்தில் வண்டிகளை உருக்குத் தகடு ஒன்று மறித்து நிற்கும். தகடு முன்புறமாக விழும்போதே வண்டிகள் உருளத் தொடங்கும். சிறுவன் தலைக்கவசத்தைப் பின்னே அழுத்தினால் ஆளி இயங்கும். மூக்கிலுள்ள காந்தம், விழும் தகட்டைப் பற்றிக்கொண்டு வண்டியையும் முன்னே இழுக்கும். நேரம் கூடிக்கொண்டே போனதன் காரணமும் விளங்கிற்று: பற்றரி தளர்ந்துகொண்டே வந்தது. ஓட்டம் முடிந்த இரண்டாம் நாள் அவன் தகுதி நீக்கப்பட்டான். இரண்டாவதாக வந்தவன் முதல்வனாக்கப்பட்டான்.

அந்தக் காந்தத்தை அமைக்க வழிசெய்தவர் அச்சிறுவனின் நெருங்கிய உறவினர். பனிச்சறுக்குக் காலணி உற்பத்தியிற் பெயர் பெற்ற பொறியியலாளர். முந்திய ஆண்டில் அவர் மகனே நாட்டின் முதல்வனாயிருந்தான். தாம் செய்ததை அவர் ஏற்றுக்கொண்டார்; ஆயினும், இப்போட்டியில் விதியை மீறுதல் எங்கும் நிறைந்த வழக்கம் என்றும், எல்லாரும் பெறும் அனுகூலத்தைத் தம் பிள்ளையும் பெறவே முயன்றதாகவும் விளக்கம் கூறினார். சிறுவனைத் தவறான வழியிற் செலுத்தினார் என்று அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. ஈற்றில் அவர் சிறுவர் கழகமொன்றுக்கு இரண்டாயிரம் டொலர் கொடுக்க நேர்ந்தது.

இந்நிகழ்ச்சியை நாம் படிக்குங்கால், கோபம் அந்த ஒருவர்மேற் சென்று நின்றுவிடுதல் எளிது. ஆனால் அவருடைய விளக்கத்தில் ஒரு பாதி உண்மை இருந்தது. அவருக்கு முன்னரே பெரியோரின் கைகள் பிள்ளைகளின் வண்டிகளிற் படிந்திருந்தன. தந்தை ஆணி அறைந்தபோது போட்டிச் சபை கண்ணை மூடிற்று. மூடிய கண்ணுக்கு முன்னே ஆணிக்கும் மின்காந்தத்துக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே உள்ளது? கோட்டைக் கீறாதவர்கள், ஒருவன் மிகத் தொலைவு சென்றுவிட்டான் என்று பின்னர் வருந்தினர். எல்லாரினும் பெரிய தண்டம் பெற்றவன் பதினான்கு வயதுச் சிறுவன். நாடறிந்த வெற்றி இரண்டே நாளில் நாடறிந்த இழிவாயிற்று. அவன் பெயரை இங்கு எழுத மனமில்லை.

7. திருத்தம்

அதன் பின்னர்ப் போட்டிச் சபை இரு வழிகளால் நேர்மையை நிலைநாட்ட முயன்றது.

முதலாவது வழி, பொருளைச் சமமாக்குதல். 1976இல் இளையோருக்கெனத் தனிப்பிரிவு தோன்றிற்று. முன்னரே வெட்டிச் செப்பமிட்ட உறுப்புகளைப் பெற்று வண்டியைப் பூட்டும் முறை அதில் வந்தது. தொண்ணூறுகளில் அம்முறை விரிவடைந்தது. இன்று எப்பிரிவினரும் சபை அளிக்கும் ஒரே வகை உடலையும் சில்லையும் அச்சையும் வாங்கிப் பூட்டியே ஓடுகின்றனர். பிள்ளையால் உண்மையிலேயே செய்து முடிக்கக்கூடிய அளவுக்கு வேலை சுருக்கப்பட்டது.

இரண்டாவது வழி, எஞ்சிய வேறுபாட்டை இடமாற்றத்தால் நீக்குதல். இது மிக அழகிய முறை. கணக்கறிந்த மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது. ஒரே தொழிற்சாலையில் வார்த்த சில்லுகளும் முற்றிலும் ஒன்றல்ல. அருகருகே உள்ள பாதைகளும் முற்றிலும் ஒன்றல்ல. ஆகவே ஊர்ப்போட்டிகள் பலவற்றில் இருவர் இருமுறை ஓடுவர். முதலோட்டம் முடிந்ததும் இருவரும் தத்தம் சில்லுகளையும் பாதைகளையும் மாற்றிக்கொள்வர். இரண்டு ஓட்டங்களின் வேறுபாட்டையும் கூட்டிப் பார்த்தே வெற்றி கூறப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு: போட்டியாளர் இருவரைக் கந்தன், வேலன் என வைத்துக்கொள்வோம். முதலோட்டத்திற் கந்தன் 0.080 செக்கனால் முந்துகின்றான். சில்லும் பாதையும் மாறிய இரண்டாம் ஓட்டத்தில் வேலன் 0.030 செக்கனால் முந்துகின்றான். கூட்டிப் பார்க்குங்கால் கந்தன் 0.050 செக்கனால் வென்றான். அஃதாவது ஓட்டம் ஒன்றுக்கு 0.025 செக்கன். அவ்வாறாயின் முதலோட்டத்தில் அவன் பெற்ற 0.080 எங்ஙனம் வந்தது? அதில் 0.055 செக்கன் நல்ல சில்லும் நல்ல பாதையும் கொடுத்தது. எஞ்சிய 0.025 மட்டுமே அவனுடையது. ஓட்டம் ஒன்றோடு நிறுத்தியிருந்தாலும் கந்தனே வென்றிருப்பான். ஆனால் சில்லு வேலனிடம் முதலில் இருந்திருப்பின், ஒற்றை ஓட்டத்தில் வேலன் வென்றிருப்பான். இருமுறை ஓடியதனால், யார் எந்தச் சில்லைப் பெற்றுத் தொடங்கினும் முடிவு கந்தன்பாலே வரும்.

இம்முறையில் எவரையும் ஐயுற வேண்டியதில்லை என்பது அதன் சிறப்பு. ஒருவன் கள்ளச் சில்லு கொண்டுவந்தாலும், அதனை எதிராளிக்கும் ஒருமுறை கொடுத்தே ஆகவேண்டும். அதனாற் களவு பயனற்றதாகின்றது. மனிதர் நல்லவராயிருத்தல் வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் விதி ஒன்று; தீமை செய்தாலும் இலாபமில்லை என்று ஆக்கும் விதி மற்றொன்று. பின்னதே போட்டியைக் காக்கும்.

8. இழந்தது யாது

இத்திருத்தத்துக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. அதனை மறைத்தல் உண்மையாகாது. பழைய அக்றன் தடத்தில் ஒரு வண்டி போல மற்றொன்று இருந்ததில்லை. மீன் போன்றனவும், துப்பாக்கிக் குண்டு போன்றனவும், குப்புறப் படுத்து ஓட்டுவனவுமாக ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் கற்பனையாயிருந்தது. 1946இல் வென்ற சிறுவன், காற்று வழுவிச் செல்லும் என நம்பி வண்டிக்கும் தன் முகத்துக்கும் காரீயத்தூள் பூசிக்கொண்டு வந்தான். அதனாற் பயன் விளைந்ததோ இல்லையோ, அது அவனுடைய எண்ணம். இன்றைய வண்டிகள் ஒரு பேழையிலிருந்து வந்தவை. நிறமும் பெயருமே வேறு. நேர்மையின் பொருட்டுப் புனைதிறன் சுருங்கிற்று.

இரண்டையும் ஒருங்கே பெற முடியாதா? முடியும் என்று கூறுதல் எளிது. ஆனால் புனைதலுக்கு இடம் விடுந்தோறும், பெரியோரின் கையும் பணமும் நுழைதற்கும் இடம் விடப்படுகின்றது. போட்டியை அமைப்போர் எதனை விரும்புகின்றோம் என்பதை முதலிலே தெளிதல் வேண்டும். எண்ணத்தைச் சோதிப்பது நோக்கமாயின் பிள்ளையோடு பேசி, ஏன் இவ்வாறு செய்தாய் என வினவிப் புள்ளியிடுதல் வேண்டும். வேகத்தைச் சோதிப்பது நோக்கமாயின் பொருளைச் சமமாக்குதல் வேண்டும்.

9. எஞ்சின் பூட்டிய வண்டிகள்

இவ்வண்டிகளின் உறவாகிய கோ-கார்ட் வண்டியிலும் இதே வினா எழுந்தது. 1956இற் கலிபோர்னியா மாநிலத்தில், பந்தயக் கார் செய்யும் தொழிலாளியான ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர், புல்வெட்டும் பொறிக்குரிய சிறு எஞ்சினைக் குழாய்ச் சட்டமொன்றிற் பூட்டி முதலாவது கார்ட்டைச் செய்தார். அடுத்த ஆண்டிலேயே அதற்கெனக் கழகம் தோன்றிற்று. 1962இற் சருவதேச மோட்டார்ச் சம்மேளனத்தின் கீழ் இதற்கென ஆணைக்குழு அமைந்தது. 1964இல் முதல் உலகப் போட்டி உரோமாபுரியில் நடந்தது. பண்டாரகமவில் அமைக்கப்பட்ட தடத்தினால் இவ்வண்டி இலங்கையர்க்கும் அறிமுகமானதே.

எஞ்சின் வந்தபின், பணம் வேகமாக மாறுதல் மேலும் எளிதாயிற்று. அதற்கு எதிராக அங்கும் பல உபாயங்கள் கண்டனர். வயதுக்கும் எஞ்சினுக்கும் ஏற்பப் பிரிவு வகுத்தனர். ஓட்டம் முடிந்தவுடன், சாரதி வண்டியோடு தராசில் ஏறியே தீரவேண்டும் என்றனர். எஞ்சினுக்கு முத்திரையிட்டனர். அமெரிக்கக் கழகங்கள் சிலவற்றில் விந்தையான விதியொன்று உண்டு: வென்றவனின் எஞ்சினைக் குறித்த ஒரு விலைக்கு எதிராளி கேட்டால், அவன் விற்றே ஆகவேண்டும். விலை குறைவாதலின், அதில் மிகுபணம் கொட்டுவார் எவருமிலர். 2000ஆம் ஆண்டு முதல் நடைபெறும் றொடக்ஸ் இறுதிப் போட்டியில், நாடுதோறும் வென்று வருவோர்க்கு எஞ்சின்கள் திருவுளச்சீட்டு மூலமே பகிர்ந்தளிக்கப்படுகின்றன. அக்றனிற் சில்லு மாற்றினர். இங்கு எஞ்சினைச் சீட்டிட்டனர். கருத்து ஒன்றே.

10. நமக்குரிய பாடம்

தமிழாசிரியன் ஒருவனுக்கு வண்டியோட்டத்தில் என்ன அக்கறை என்று இதனைப் படிப்போர் வினவலாம். விடை என் சொந்தத் தவற்றில் உள்ளது. நமது நாட்டுத் தமிழ்மொழித் தினப் போட்டிகளும் பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என அடியிலிருந்து நுனி வரை படிப்படியாக உயர்வன. பல ஆண்டுகளுக்கு முன் மாணவன் ஒருவனைப் பேச்சுப் போட்டிக்கு ஆயத்தஞ் செய்தேன். முதலில் அவன் எழுதியதைத் திருத்தினேன். பின்னர் முன்னுரையை நானே எழுதினேன். ஈற்றில் அவனுடைய சொல் ஒன்றேனும் அதில் எஞ்சவில்லை. அவனுக்குக் குரல் வளம் உண்டு. வலயத்தில் முதலிடம் பெற்றான். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு மறுநாள் என்னிடம் வந்து, “சேர், எஞ்ஞான்றும் என்றால் என்ன பொருள்?” என்று வினவினான். அச்சொல்லை அவன் மூன்று மேடைகளில் முழங்கியிருந்தான். நான் பொருள் சொன்னேன். அவன் நன்றி கூறிச் சென்றான். எனக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை. அக்றன் வரலாற்றை நான் படிக்க நேர்ந்தது அதற்குப் பின்னரே. அங்குள்ள தந்தையரின் கை என்னுடைய கையே என்பதை உடனே அறிந்தேன்.

ஆகவே, யூபிலி ஆண்டை முன்னிட்டுப் பழைய மாணவர் போட்டிகளை அமைக்குமிடத்து, இவ்வரலாற்றினின்று நான்கு கருத்துகளை முன்வைக்க விரும்புகின்றேன்.

முதலாவது, காவல் செய்ய இயலாத விதியை இயற்றாதிருத்தல். “மாணவனே எழுதியிருத்தல் வேண்டும்” என அச்சிட்டுவிட்டு அதனைச் சோதியாது விடுதல், நேர்மையாளனுக்கு மட்டும் தண்டனை விதிப்பதாகும்.

இரண்டாவது, பொருளைச் சமமாக்குதல். பேச்சுக்குத் தலைப்பைச் சீட்டிட்டு அவ்விடத்திலேயே கொடுத்து, அரைமணி நேரம் சிந்திக்க விடலாம். ஓவியத்துக்கு வேண்டிய தாளும் வண்ணமும் சங்கமே எல்லார்க்கும் வழங்கலாம். அறிவியற் பொருட்காட்சியிற் செலவின் எல்லையைச் சிறிதாக வகுத்து, செய்த பிள்ளையிடமே வினாக்கள் கேட்டுப் புள்ளியிடலாம்.

மூன்றாவது, பரிசைப் பிள்ளையின் அளவுக்கு ஏற்றதாக வைத்தல். பெரியோர் விரும்பும் பரிசை வைத்தாற் பெரியோரே போட்டியிடுவர்.

நான்காவது, தவறு வெளிப்படுமாயின், பிள்ளையின் பெயரை முரசறையாதிருத்தல். தவற்றின் வேரைப் பெரியோரிடையே தேடுதல்.

இம்முறையால் நம் மேடைகளிற் சில நாட்களுக்கு நாவன்மை குறைந்து காணப்படலாம். சொற்கள் தடுமாறலாம். வாக்கியங்கள் ஒழுங்கின்றி இருக்கலாம். ஆயினும் அவை பிள்ளையின் சொற்களாயிருக்கும். தலைப்பைச் சீட்டிடும் முறையை என் வகுப்பிற் சில ஆண்டுகளாகக் கையாண்டு வருகின்றேன். முன்னர் மனனஞ் செய்தோரினும் இவர்கள் குறைவாகவே பேசுகின்றனர். பேசி முடிந்தபின், தாம் கூறிய சொல்லுக்குப் பொருள் யாது என்று என்னிடம் இதுவரை ஒருவரும் வந்து வினவியதில்லை.